கொம்பு சாண உரம் போட்ட தோட்டத்துச் சிவப்பு வைன்: தெரோல்டெகோ குடித்தவர்கள் இருக்கிறீர்களா?

#1 மலைப்பாதை (மியூனிக்)

வைன் பற்றி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வைன் தெரியாது. அலுவலக விருந்துகளில் யாராவது ஊற்றிக் கொடுத்தால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்க்கிற ஆள்.

போன அக்டோபரில் பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்குப் போனோம். ட்ரெந்தோ நகரத்துக்கு வடக்கே ஆதிஜே ஆற்றுச் சமவெளியில் மெட்சோலொம்பார்தோ என்றொரு சிறிய ஊர். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவில் தட்டையாக ஒரு திராட்சைக் காடு. கம்போ ரொத்தாலியானோ என்று பெயர். நோச்சே என்ற ஆறு மலையிலிருந்து கூழாங்கல்லும் மணலுமாக அடித்துக்கொண்டு வந்து நிரப்பிய நிலம் அது. பார்த்ததும் எனக்குப் பிடித்தது பந்தல்தான். கம்பம் பக்கம் போடுவது போலவே தலைக்கு மேல் கொடி, கொஞ்சம் சாய்வாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று இரவு ட்ரெந்தோவில் ஒரு கடையில், இந்த மண்ணில் விளைந்ததாக ஒன்று கொடுங்கள் என்றேன். எடுத்துக் கொடுத்தது ஃபோரதோரி என்ற சிறிய குடும்பத் தோட்டத்தின் ஸ்கார்ட்சோன். திராட்சை வகை தெரோல்டெகோ. நாற்பது யூரோவுக்குப் பக்கம். வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மியூனிக் வந்து திறந்தோம். நிறம் நாவல்பழச் சாறுதான், நாக்குகூட ஊதாவாகிவிடுமோ என்று தோன்றியது. முதல் நாள் புளிப்பு தூக்கலாக, இறுக்கமாக இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். மறுநாள் அதே புட்டியில் வேறு எதையோ ஊற்றி வைத்தது போல இருந்தது. புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாசம் வருமே, அது. பின்னாலேயே பழம், கொஞ்சம் இரும்பு. மூன்றாம் நாள் இன்னும் நன்றாக இருந்தது, தீர்ந்தும் போனது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தோட்டத்தை நடத்தியவர் எலிசபெத்தா ஃபோரதோரி. சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, 1980-களின் நடுவில், இருபது வயதை ஒட்டி பொறுப்பேற்றவர். 2002-இல் பயோடைனமிக் முறைக்கு (ரசாயன உரம் இல்லாமல், கொம்பு சாண உரமும் நிலாக் கணக்குமாகச் செய்யும் விவசாயம்) மாறி, 2009-இல் அந்த முறைக்கான டெமெட்டர் சான்று வாங்கியிருக்கிறார்கள். நான் குடித்த வைன் மரப்பீப்பாயில் வைத்தது இல்லை. ஸ்பெயினில் வில்யாரோப்லேதோ என்ற ஊரில் செய்யும் தாழிகளில், தோலோடும் விதையோடும் ஏறக்குறைய எட்டு மாதம் கிடந்தது. தினாஹா என்கிறார்கள். படத்தில் பார்த்தால் நம் முதுமக்கள் தாழிக்குத் தங்கச்சி.

சரி, என் கேள்வி இதுதான். இந்த பயோடைனமிக்கில் மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கிறார்கள், நிலா பார்த்துத் தெளிக்கிறார்கள் என்று படித்ததும் என் பொறியாளர் மூளை நின்றுவிட்டது. வைன் உண்மையிலேயே பிரமாதம். அதற்குக் காரணம் இந்தக் கொம்பா?

#2 ரூபன்_சூரிச்

வணக்கம் மலைப்பாதை. நான் இங்கே பதினெட்டு வருடமாக உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். முதலில் ஒரு சிறு திருத்தம், எங்கட ஊரில் திராட்சை என்றால் முந்திரிகைப்பழம். இந்தியத் தமிழ் ஆட்களிடம் முந்திரிகை என்றால் கஜு கொண்டு வருகிறார்கள். இரண்டு முறை நடந்திருக்கிறது.

கொம்பைப் பற்றி நான் கதைக்க மாட்டேன். குடிக்கும் விதம் பற்றிச் சொல்லலாம். தெரோல்டெகோவில் நிறம் அதிகம், புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும், வாயில் அப்படி இல்லை. அறைச் சூட்டில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் அரை மணித்தியாலம் வைத்து எடுத்தால் பதினைந்து, பதினாறு பாகைக்கு வரும், அதுதான் அளவு. துவர்ப்பு குறைவு என்றபடியால் உறைப்புக் கறியோடும் சண்டை பிடிக்காது. துவர்ப்பு கூடிய வைனை எங்கட ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள், மிளகாய்த் தூளைத் தனியாகத் தின்ற மாதிரி இருக்கும்.

முதல் நாள் இறுக்கமாக இருந்தது என்றீர்கள். தாழி வைன்களில் எனக்கும் அது நடந்திருக்கிறது. காலையில் திறந்து ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

#3 வேதியியல்_வாத்தியார்

மலைப்பாதை கேட்டது நல்ல கேள்வி. நேராகவே சொல்கிறேன், கொம்பு இல்லை.

வரலாறு கொஞ்சம். பயோடைனமிக் முறைக்கு விதை போட்ட ருடோல்ஃப் ஸ்டைனர் 1924 ஜூன் மாதம், கோபர்விட்ஸ் என்ற ஊரில் (அன்று ஜெர்மனி, இன்று போலந்து) விவசாயிகளுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மறு ஆண்டே இறந்துவிட்டார். அவர் விவசாயி இல்லை, தத்துவக்காரர். அவர் மதுவுக்கு எதிரானவர் என்பதுதான் வேடிக்கை. இன்று அவர் பெயரைச் சொல்லித்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த சில வைன்கள் விற்கின்றன.

கொம்பு சாண உரத்துக்கு 500 என்று எண். ஹெக்டேருக்கு நூறு கிராம் அளவு, தண்ணீரில் ஒரு மணி நேரம் சுழல் விழும்படி இடமும் வலமுமாக மாறி மாறிக் கலக்கித் தெளிப்பார்கள். 501 என்பது கொம்பில் அடைத்த குவார்ட்ஸ் கல் தூள், அது ஹெக்டேருக்கு நான்கைந்து கிராம்தான். இரண்டரை ஏக்கருக்கு ஒரு தேக்கரண்டி மணல். உரம் என்ற கணக்கில் அது ஒன்றுமே இல்லை.

சோதனைகளும் நடந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் யூக்கையா அருகே ஒரு மெர்லோ திராட்சைத் தோட்டத்தில் ஆறு ஆண்டு பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதி இயற்கை முறை, மறு பாதி பயோடைனமிக். மண்ணில் வேறுபாடு தெரியவில்லை, ஓர் ஆண்டுப் பழத்தில் மட்டும் சிறு வேறுபாடு. ஜெர்மனியில் கைசன்ஹைமில் 2006 முதல் ரீஸ்லிங் கொடியில் நடக்கும் சோதனையிலும் கொடி வளர்ச்சியிலும் விளைச்சலிலும் இயற்கை முறையும் பயோடைனமிக்கும் ஒன்று போலத்தான் வந்தன. வழக்கமான முறையைவிட இரண்டிலும் விளைச்சல் குறைவு.

சூரிச் நண்பருக்கு ஒரு தகவல். உங்கள் நாட்டில், பாசலுக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில், 1978 முதல் இதே ஒப்பீட்டை வயல் பயிர்களில் செய்துகொண்டிருக்கிறார்கள். முதல் 21 ஆண்டு முடிவில், இயற்கை முறைகளில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் மண்ணில் உயிர்கள் கூடின. அதனால் இவர்கள் செய்வதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. களைக்கொல்லி அடிக்காதது, மூடுபயிர் போடுவது, தொழு உரம் போடுவது எல்லாம் வேலை செய்கின்றன. கொம்பைக் கழித்துவிட்டாலும் அவை அங்கேயே இருக்கும்.

#4 கம்பம்காரன்

வாத்தியாரே, கொம்பைக் கழிக்கிறதுக்கு முன்னால் ஒரு கதை கேளுங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. எல்லாரையும் போல மருந்து அடித்துக்கொண்டிருந்தவர், ஒரு வருடம் கடன் கழுத்தை நெரித்ததும் உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்) என்று கிளம்பினார். கொடைக்கானல் பக்கம் போய் ஒரு பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு, திரும்பும்போது சாக்கு நிறையக் கொம்போடு வந்தார். சித்தி அதை வீட்டுக்குள் விடவில்லை.

கன்று போட்ட பசுவின் கொம்பு, கறவை மாட்டுச் சாணம். ஐப்பசியில் குழி வெட்டிப் புதைத்து மாசி, பங்குனியில் எடுக்க வேண்டும். நன்றாக வந்தால் சாண வாடையே இருக்காது, மழை பெய்த காட்டு மண் வாசம் வரும். முதல் வருடம் நாய்கள் பாதிக் கொம்பைத் தோண்டித் தெருத்தெருவாக இழுத்துப்போட்டன. ஊரே சிரித்தது. மிச்சத்தை எடுத்துத் தெளித்தார்.

மண்புழு வந்தது, பொய் சொல்லவில்லை. இலை தடித்தது. ஆனால் அதே வருடம் பந்தலுக்கு அடியில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். களைக்கொல்லியையும் நிறுத்தினார். எதனால் வந்தது என்று அவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் நான்தானடா செய்தேன், என்னைக் கேட்டால் எப்படிப் பிரித்துச் சொல்வேன்" என்றார்.

நான் கவனித்தது ஒன்று உண்டு. மருந்து அடித்த காலத்தில் சித்தப்பா வாரம் ஒரு முறை தோட்டத்துக்குப் போவார். இதை ஆரம்பித்த பிறகு தினம் போனார். கலக்க வேண்டும், தெளிக்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும். போகிற போக்கில் நோய் விழுந்த இலை கண்ணில் படும், கிள்ளிப் போடுவார்.

நாள் பார்ப்பது பற்றி ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டு நாள்காட்டியில் தினமும் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருக்கிறது. கிழங்கு நட, கிணறு வெட்டக் கீழ்நோக்கு நாள் பார்க்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. கொம்பு சாண உரமும் கீழ்நோக்கு நாளில், சாயங்காலம்தான் தெளிக்கச் சொன்னார்கள்.

#5 வேதியியல்_வாத்தியார்

கம்பம்காரரே, தினம் தோட்டத்துக்குப் போனார் என்று சொன்னீர்களே, அதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு கீழ்நோக்கும் ஒன்று இல்லை. நம் பஞ்சாங்கத்தில் அது நட்சத்திரக் கணக்கு. இன்று ரோகிணி என்றால் மேல்நோக்கு, நாளை மிருகசீரிடம் சமநோக்கு, அடுத்த நாள் திருவாதிரை மறுபடி மேல்நோக்கு என்று அடிக்கடி மாறும். பயோடைனமிக்காரர்கள் கணக்கில் நிலா வானத்தில் வடக்கு நோக்கி ஏறுகிறதா தெற்கு நோக்கி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் பதின்மூன்று, பதினான்கு நாள் தொடர்ந்து ஏறும். இது வளர்பிறை தேய்பிறையும் கிடையாது, அதையும் சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு ஜெர்மனியில் மரியா துன் என்ற அம்மையார் 1960-களில் நிலா நிற்கும் ராசியை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று ஒரு நாள்காட்டி போட்டார். இப்போது வைன் குடிக்கவே பழ நாள் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்!

மலைப்பாதை, நீங்கள் மூன்று நாள் குடித்தீர்களே, அந்த மூன்றாம் நாள் பழ நாளா என்று பார்த்துச் சொல்லுங்கள். சும்மா வம்புக்குக் கேட்கிறேன்.

#6 மலைப்பாதை

பார்த்தேன் வாத்தியாரே. இலை நாள். அவர்கள் கணக்கில் வைன் திறக்கவே கூடாத நாள்.

#7 அந்திமாலை

எனக்கு இந்தப் பேச்சிலேயே கோபம் வருகிறது, மன்னியுங்கள். நானும் இந்த பயோடைனமிக் ஆசையில் ஒரு சிறிய தோட்டத்து வைனை (பெயர் வேண்டாம், நீங்கள் சொல்லும் தோட்டம் இல்லை) பிறந்தநாள் பரிசாக அப்பாவுக்கு வாங்கினேன். திறந்ததும் மாட்டுக்கொட்டகை. சரி, காற்றுப் பட்டால் போகும் என்று வைத்தோம். குடித்தபின் தொண்டையில் எலிப் புழுக்கை வாடை வந்து நின்றது. அப்பா மரியாதைக்கு அரைக் கோப்பை குடித்தார். கடையில் கேட்டால், "இதுதான் மேடம் இயற்கையான சுவை, உங்களுக்குப் பழக்கமில்லை" என்கிறார்கள். என் பழக்கத்தில் கோளாறாம்.

#8 வேதியியல்_வாத்தியார்

அக்கா, உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. கொட்டகை வாடைக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். எலி வாடை வேறு கோளாறு, வைனின் புளிப்பில் அது மூக்குக்குத் தெரியாது. எச்சிலில் கலந்து புளிப்புக் குறைந்த பிறகுதான் வெளியே வரும். அதனால்தான் குடித்து முடித்தபின் தொண்டையில் பிடித்தீர்கள்.

இரண்டுமே பெரும்பாலும் வைன் கெடாமல் இருக்கப் போடும் கந்தகம் சேர்க்காமல், அல்லது மிகக் குறைவாகச் சேர்த்து, கவனமும் விட்டுப்போனால் வருவது. பயோடைனமிக் என்பதால் வருவது இல்லை. பலரும் பயோடைனமிக் என்றால் கந்தகமே கிடையாது என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் இனிப்பில்லாத சிவப்பு வைனுக்குக் கந்தக அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம், இயற்கைச் சான்று இருந்தால் 100, டெமெட்டர் சான்றுக்கு 70. குறைவுதான், பூஜ்ஜியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்தே அடிக்காத தோட்டம் என்றும் நினைக்க வேண்டாம். அடிச்சாம்பல் நோய்க்கு இவர்களும் தாமிரம் தெளிக்கிறார்கள்.

#9 கம்பம்காரன்

போர்டோ கலவை! மயில்துத்தமும் சுண்ணாம்பும். சித்தப்பாவும் அதை மட்டும் விடவில்லை. அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பழமே மிஞ்சாது. அந்தப் பெயரே பிரான்சில் வைனுக்குப் பேர்போன போர்டோ ஊரிலிருந்து வந்தது என்று போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

#10 ரூபன்_சூரிச்

அந்திமாலை அக்கா சொன்ன பதில் எங்கட கடையிலும் ஒரு காலம் இருந்தது. இப்போது முதலாளி மணந்து பார்த்துத் திருப்பி எடுத்துவிடுவார். கேட்க வெட்கப்படாதீர்கள்.

குடும்பத் தோட்டம் என்றால் எனக்கு இன்னொன்று ஞாபகம். இத்தாலியிலேயே அப்ரூட்சோ பக்கம், தொரானோ நுவோவோ ஊரில் எமிதியோ பெப்பே என்ற குடும்பம். 1964-இல் தொடங்கினது, பதினைந்து ஹெக்டேர் அளவு. சிவப்புக்கு மொந்தேபுல்ச்சானோ பழத்தை வலை மேல் போட்டுக் கையாலேயே காம்பு நீக்குகிறார்கள். வெள்ளைக்கு இன்னமும் காலால் மிதிக்கிறார்கள். மரப்பீப்பாய் கிடையாது, உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள சீமெந்துத் தொட்டி. வருடக்கணக்காக நிலவறையில் கிடந்த புட்டியை விற்க முன் ஒவ்வொன்றாகக் கையால் வேறு புட்டிக்கு மாற்றி, கசடை விட்டுவிட்டு அனுப்புகிறார்கள். ஒரு முறை பழைய புட்டி ஒன்றில் அடியில் இரண்டு விரல் மிச்சம் கிடைத்தது, வாடிக்கையாளர் விட்டது. இருபது வயது வைன், புளிப்புக் குறையவே இல்லை. அவர்களும் கொம்பு புதைக்கிறவர்கள்தான். ஆனால் அந்தக் கை வேலையைப் பார்த்தால் கொம்பு எந்த மூலைக்கு?

#11 தென்னந்தோப்பு

ஒரு சின்ன சந்தேகம். ஃபோரதோரி தோட்டம் சுமார் 28 ஹெக்டேர் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட எழுபது ஏக்கர். அதைச் "சிறிய" தோட்டம் என்கிறீர்களா? எங்கள் ஊரில் அவர் பண்ணையார்.

#12 மலைப்பாதை

ஹாஹா, நியாயம். பக்கத்தில் இருக்கும் கூட்டுறவு வைன் ஆலைகளின் அளவோடு வைத்துப் பார்த்தால் சிறியது. வேலை குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது, பிள்ளைகளில் மூவர் இப்போது அங்கேதான். ஒருவர் வைன் செய்வதைப் பார்க்கிறார், ஒருவர் விற்பனை, மகள் கொடிகளுக்கு இடையில் காய்கறி போடுகிறார். மாடும் வைத்திருக்கிறார்கள், பாலாடைக் கட்டி செய்கிறார்கள்.

இரண்டு வாரமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை நான் தேடிய இடத்தில் இல்லை. எலிசபெத்தா பொறுப்பேற்ற காலத்தில் தெரோல்டெகோவுக்கு மதிப்பே இல்லை. நாற்றுப்பண்ணைகள் கொடுத்த நகல் கொடிகள் எல்லாமே நிறையக் காய்ப்பதற்காகத் தேர்ந்தெடுத்தவை. பெரிய குலை, தண்ணீர்ச் சாறு. அவர் செய்தது, பழைய தோட்டங்களில் மிச்சமிருந்த கிழட்டுக் கொடிகளைத் தேடி, சிறு குலையும் சிறு மணியுமாகக் காய்ப்பவற்றிலிருந்து குச்சி வெட்டி, வருடக்கணக்காகப் பெருக்கி நட்டது. ஒரே நகலாக நடாமல் பல தாய்க்கொடிகளின் கலப்பாக. கிரனாத்தோ என்ற அவருடைய பேர்போன வைன் 1986-லேயே வந்துவிட்டது. கொம்பு வந்தது 2002-இல். பதினாறு ஆண்டு இடைவெளி!

நம் ஊரில் நாட்டு நெல்லைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் செய்த வேலைதான் இது. ஒரு கைப்பிடி விதை இன்னும் எந்தக் கிழவியின் குதிரில் இருக்கிறது என்று அலைந்தார்களே, அதே அலைச்சல். எனக்கு இந்த இடத்தில்தான் அந்த வைன் மேல் மரியாதை வந்தது.

இதில் ஒரு கொசுறு. மரபணு ஆய்வு செய்து 2006-இல் சொன்னார்கள், தெரோல்டெகோவும் பிரான்சின் தியூரேசா என்ற திராட்சையும் உடன்பிறப்புகள். சிரா என்ற திராட்சைக்குத் தியூரேசா அப்பன். ஆக, உலகமெல்லாம் புகழ்பெற்ற சிராவுக்கு நம் தெரோல்டெகோ பெரியப்பா முறை. சித்தப்பாவாகவும் இருக்கலாம், யார் மூத்தவர் என்று மரபணு சொல்லாது.

இன்னொன்று, ஃபோரதோரி புட்டியில் தெரோல்டெகோ ரொத்தாலியானோ என்ற டிஓசி (எந்தப் பகுதி வைன் என்று உறுதி சொல்லும் இத்தாலிய முத்திரை) பெயர் கிடையாது. 1971-இல் வந்த, அந்தப் பகுதிக்கே பெருமையான பெயர் அது. அதை விட்டுவிட்டு "தொலோமிதி மலைத் தோட்டங்கள்" என்ற பொதுப் பெயரில் விற்கிறார்கள். கடையில் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

#13 அந்திமாலை

இதைப் படித்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது. நாற்பது யூரோ எல்லாம் முடியாது, விலை குறைந்தது இருக்கிறதா?

#14 ரூபன்_சூரிச்

இருக்கு அக்கா. அதே தோட்டத்தில் வெறும் "ஃபோரதோரி" என்று பெயர் போட்ட தெரோல்டெகோ வரும், தாழி இல்லை, விலை கிட்டத்தட்ட பாதி. அதிலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் பிறகு ஸ்கார்ட்சோன், மொரேய். முதலாவது மணல் நிலம், இரண்டாவது கூழாங்கல் நிலம். செய்முறை ஒன்றுதான், நிலம் மட்டும் வேறு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் வாத்தியார்கூட வாய் மூடி இருப்பார்.

நேற்று ஞாயிறு, மச்சான் வீட்டில் வெறும் ஃபோரதோரியைத்தான் திறந்தோம். ஆட்டுக்கறி, பாண். மச்சான் விஸ்கி ஆள், "இதென்ன நாவல்பழச் சர்பத்து" என்றார். மூன்று கோப்பை குடித்தார்.

#15 வேதியியல்_வாத்தியார்

மணல், கூழாங்கல் இரண்டையும் யாராவது வாங்கிக் கொடுத்தால் வாய் மூடத் தயார்.

மலைப்பாதை சொன்ன 1986 கணக்கு எனக்குத் தெரியாதது. நன்றி. ஆனால் கொடி நல்லதாக அமைந்த பிறகும் அவர் ஏன் மாறினார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கையில் புகழும் விலையும் இருந்த நேரத்தில் யாரும் சும்மா மாற மாட்டார்கள். இதற்கு என் சோதனைக் குழாயில் பதில் இல்லை.

#16 கம்பம்காரன்

எங்கள் சித்தப்பாவிடம் கேட்டால் சொல்வார். நான் போன வாரம் கேட்டேன், கொம்பால் ஒன்றும் இல்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், இன்னும் ஏன் புதைக்கிறாய் என்று. "தோட்டத்துக்குப் போகப் பிடிக்கிறது, அதான்" என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஐப்பசிக்கு நாற்பது கொம்பு. குழிக்கு மேல் கருவேல முள் போட்டு மூடியிருக்கிறோம், நாய்களுக்காக. பங்குனியில் எடுத்ததும் வாசம் எப்படி என்று இங்கேயே எழுதுகிறேன்.